நாலாம் நம்பர் தொட்டிச் சேறு

என் தம்பியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. வரட்டும். கோபத்தோடேயே சொல்கிறேன். அவனுக்கு அதுதான் பொருத்தம். கோபம் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. அவனோடு ஒரு நாள் இருந்துவிட்டுக் கோபம் இல்லாமல் யாரும் எழுந்து போனதும் இல்லை.

எனக்கு நாலு வயது இளையவன். குடிநீர் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை. ஆற்றுத் தண்ணீர் அங்கே பெரிய தொட்டிகளில் தெளிந்து, மணலில் வடிந்து, கடைசியில் பிளீச்சிங் பவுடர் என்கிற மருந்து கலந்து ஊருக்குள் போகும். மருந்து கலக்கிறவன் இவன். இவனுடைய பெயரைச் சம்பளச் சீட்டில்தான் பார்க்க முடியும். மற்றபடி எல்லாருக்கும் ‘பவுடர்’. கூட வேலை பார்த்தவர்களுக்குப் பவுடர் அண்ணன், தெருவுக்குப் பவுடர்காரர். போய்ச் சேர்ந்த அவன் பெண்டாட்டிகூட, வேலை விட்டு இவன் வருகிற சத்தம் கேட்டால், “பவுடர் வருது அண்ணி, சட்டையை வாசல்லயே கழட்டச் சொல்லுங்க” என்பாள். வாடை அப்படி. கண்ணை எரிக்கும்.

அவன் அப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்களுக்குக் கடைசியாக ஒரு தங்கை இருந்தாள். அவளுக்கு மூன்று வயது, இவனுக்கு ஏழு, எனக்குப் பதினொன்று. குழாயெல்லாம் அப்போது கிடையாது, குளத்துத் தண்ணீர்தான். பச்சைப் போர்வையைக் கையால் விலக்கிவிட்டுக் குடத்தை அமுக்குவோம். அந்தத் தண்ணீரைக் குடித்து வாந்தி பேதி வந்து, புதன்கிழமை விளையாடிக்கொண்டிருந்தவள் சனிக்கிழமை இல்லை. அந்தக் குடத்தைத் தூக்கி வந்தது நான். இவன் அழவில்லை. குளத்தங்கரைக்குப் போய்க் கல்லை எடுத்துப் பச்சைத் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தான். எங்கள் சின்ன மாமா போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கே பச்சையாகத் தண்ணீரைப் பார்த்தாலும் அவன் கை கல்லைத் தேடும். பெரியவன் ஆனபின் கல்லுக்குப் பதில் பவுடர்.

அவன் நிலையத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று தொட்டியும் கண்ணாடி மாதிரி இருக்கும். பின்னால் நாலாம் நம்பர் என்று ஒரு தொட்டி. மேல் சுவரில் விரிசல் விட்டதால் இருபது வருஷத்துக்கு முன்பே அதைக் கைவிட்டுவிட்டார்கள். மழைத் தண்ணீர் நின்று, செடி முளைத்து, சேறு படிந்து கிடந்தது. அதை இடித்துச் சுத்தம் செய்யச் சொல்லி மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினான். பதில் இல்லை. மறுபடி எழுதினான். மொத்தம் பதினேழு கடிதம். ஒவ்வொன்றையும் அனுப்புமுன் எனக்கு வாசித்துக் காட்டுவான். “அக்கா, ‘அவமானம்’னு போடட்டுமா, ‘வெட்கக்கேடு’ன்னு போடட்டுமா?” ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் இந்தக் கேள்வி.

இப்போது சம்பந்தி கதைக்கு வருகிறேன். அங்கேதான் வினை.

இவனுடைய ஒரே மகனுக்குப் பெண் எடுத்தது ஒரு பூட்டு ரிப்பேர்காரர் வீட்டில். நல்ல மனுஷன், ஆனால் வாயைப் பூட்டத் தெரியாது. கல்யாணப் பந்தியில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். “சம்பந்தி, இது தண்ணியா மருந்துக் கடையா?” என்றார். பந்தியே சிரித்தது. சிரிக்காதவன் ஒருவன்தான்.

அத்தோடு விட்டாரா? பெண்ணுக்கு ஒரு தங்கமீன் இருந்தது. யார் வீட்டிலோ பூட்டுத் திறக்கப் போனவர், அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய குட்டி மீனைப் பாட்டிலில் போட்டு மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். வீட்டில் அதற்குப் பெயர் ‘மூத்த மாப்பிள்ளை’. பெண்ணை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்று, மடியில் வைத்திருந்த வாளியைக் காட்டி, “உங்க மகன் எங்களுக்கு ரெண்டாவது மாப்பிள்ளைதான் சம்பந்தி. மூத்தவர் இவர், முறையா கவனிச்சுக்குங்க” என்றார். நான் சிரித்துவிட்டேன். இவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அந்த மனுஷனோடு இவன் பேசவில்லை. போன வருஷம் அவர் மாரடைப்பில் போனார். சாவுக்குப் போனவன் தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். “உள்ள போய் ஒரு வார்த்தை சொன்னா வாயா தேய்ஞ்சிடும்?” என்று கேட்டேன். அவன் நின்றதை மருமகள் பார்த்துவிட்டாள். துணித் தொழிற்சாலையில் தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு வேலை. ஒரு நூல் பிசகினால் அவள் கண்ணுக்குத் தப்பாது. மாமனார் தெருமுனையில் நின்றது மட்டும் தப்புமா?

அவளிடம் ஒரு பழக்கம், அவள் அப்பா சொல்லிக்கொடுத்தது. குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைப்பாள். மருந்து ஆவியாகப் போய்விடும். மறுநாள் அந்தத் தண்ணீரைத்தான் மீன்தொட்டிக்கு ஊற்றுவாள். யோசித்துப் பாருங்கள். இவன் முப்பத்தொரு வருஷம் பார்த்துப் பார்த்துக் கலந்த மருந்து, இவன் வீட்டுக் குளியலறை மூலையிலேயே, காற்றில் போகட்டும் என்று வாளியில் உட்கார்ந்திருக்கும். தினமும் அந்த வாளியைத் தாண்டித்தான் இவன் குளிக்கப் போக வேண்டும். இத்தனை வருஷமும் முறைத்தான். தொடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகன் கப்பலில் வேலை. எட்டு மாதம் கடல், ரெண்டு மாதம் வீடு. ஆக வீட்டில் இவன், மருமகள், நான் மூன்றே பேர்.

ஒரு சனிக்கிழமை தெருவைத் தோண்டினவர்கள் பெரிய குழாயை உடைத்துவிட்டார்கள். குழாயில் செம்மண் தண்ணீர் வந்தது. பவுடருக்கு மறுபடியும் வேலை கிடைத்துவிட்டது. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகத் தூங்கிய கை முழித்துக்கொண்டது. டின்னைத் திறந்தான், கரண்டியால் அளந்தான். டிரம், குடம், பானை, எதையும் விடவில்லை. மருந்து போட்டு ஒவ்வொன்றாக மூடி வைத்தான். மூலையில் மருமகளின் வாளி இருந்தது. கலங்கல் தண்ணீர். கொட்டினான், குழாய் தெளிந்ததும் புதிதாகப் பிடித்தான், ஒரு கரண்டி போட்டான், மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கம்போல மருமகள் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். எங்கள் வீட்டில் அந்த வாடை எப்போதும் உண்டு, மூக்குக்குப் பழகிப்போனது. ஒவ்வொரு சொம்பாக ஊற்றினாள், “குளிங்க மூத்தவரே, குளிங்க” என்று பேசிக்கொண்டே. அஞ்சாவது சொம்பில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. ஆறாவதில் சாய்ந்தது. அவள் சொம்பை முகர்ந்து பார்த்தாள்.

“பெரியம்மா” என்று என்னைக் கூப்பிட்டாள். மாமனாரின் அக்கா முறைப்படி பெரியம்மாதான். “இந்த வாளியில யாரு கை வெச்சது?”

இவன் அறையிலிருந்து வந்தான். பார்த்தான். வாயில் என்ன வந்தது தெரியுமா? ஐயோ பாவம் என்று வந்ததா? தெரியாமல் நடந்துவிட்டது என்று வந்ததா?

“மருந்து அளவாத்தான் போட்டேன். மனுஷன் குடிக்கற அளவு. கூட ஒரு சிட்டிகை இல்ல.”

கேட்டீர்களா? அளவாம்! செத்துப்போன மீன் எழுந்து கணக்குக் கேட்டதா இவனை?

மருமகள் அழவில்லை. “முப்பது வருஷம் தண்ணியோட இருந்தவருக்கு எது மீனைக் கொல்லும்னு தெரியாதா பெரியம்மா? உயிரோட இருந்தப்ப எங்கப்பாகிட்ட முடியல. இப்போ அவர் மீன்கிட்டக் காட்டியாச்சு. அதுவும் என் கையாலயே.” இதை என்னிடம்தான் சொன்னாள். அதற்குப் பிறகு இவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது நாள்.

பேசாமல் இருப்பது என்றால் சும்மா இல்லை. இவன் எதிரே உட்கார்ந்திருப்பான். அவள் என்னைப் பார்த்து, “சாப்பாடு மேஜை மேல இருக்குன்னு சொல்லுங்க பெரியம்மா” என்பாள். இவன் சுவரைப் பார்த்து, “பசிக்கலைன்னு சொல்லு அக்கா” என்பான். இரண்டு அடி தூரத்துக்கு நடுவில் நான் தபால்காரி. ஒரு நாள், “ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டாம்ப் ஒட்டிக் குடுங்க” என்று கத்தினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் வாரம் கப்பலிலிருந்து மகன் போனில் பேசினான். அவள் சத்தமாகவே சொன்னாள், இவன் காதில் விழட்டும் என்று: “நீங்க வந்ததும் தனி வீடு பாக்கணும். மீனுக்கே இந்தக் கதின்னா நாளைக்கு எனக்கு என்ன உத்தரவாதம்?” இவன் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி போனபிறகு அந்த வீட்டை வீடாக வைத்திருந்தது அவள். அவள் போனால் இரண்டு கிழங்கள் ஒன்றின் இருமலை ஒன்று கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையே!

மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு, “அக்கா, கூட வா” என்றான். மீன் கடை. வளர்ப்பு மீன் விற்கிற கடை, பொந்து மாதிரி இருந்தது. நடத்துகிறவள் என் வயதுக்குக் கொஞ்சம் கம்மி. குரல் மட்டும் சந்தை முழுக்கக் கேட்கும்.

“தங்கமீன் ஒண்ணு வேணும்” என்றான். “கொஞ்சம் வயசானதா. இடது பக்கம் வெள்ளைப் புள்ளி இருக்கணும்.”

“என்ன ஐயா, மாப்பிள்ளையா பாக்கறீங்க?”

இவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நடந்ததையெல்லாம் நான்தான் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“செத்த மீனுக்கு வேற மீனை வெச்சு ஏமாத்தலாம்னு வந்திருக்கீங்க. உங்க மருமக என்ன, குருடா? தங்கமீன் இருந்தா வாராவாரம் தண்ணி மாத்தணும். தண்ணி மாத்தணும்னா வாளி வேணும். வாளி இருந்தா உங்க கை சும்மா இருக்குமா?”

“என் கைக்கு என்ன?”

“அதுக்குத்தான் வியாதி. உங்க வீட்டுக்கு யாரும் கை வைக்காத தொட்டிதான் சரி. அடியில ரெண்டு விரல் உசரத்துக்கு நல்ல சேறு, சலிச்சது. அது மேல ரெண்டு விரல் மணல். நிறைய செடி, நத்தை நாலு. வெளிச்சம் படற ஜன்னலோரமா வெச்சுட்டு ஒரு மாசம் காத்திருக்கணும். மோட்டரும் வேணாம், வடிகட்டியும் வேணாம். மீனோட அழுக்கைச் செடி தின்னும், செடி விடற காத்தை மீன் குடிக்கும். வத்தினா ஒரு சொம்பு ஊத்துங்க, அவ்வளவுதான். நடுவுல கலங்கும், பச்சையாகும். பயப்படக் கூடாது. செடி வேர் பிடிச்சுட்டா தானா தெளியும்.”

“சேறா? மருந்து போடாம சேத்துத் தண்ணி தெளியுமா? யாருகிட்ட சொல்ற நீ? முப்பத்தொரு வருஷம்…”

“முப்பத்தொரு வருஷமா ஒரு மீனாவது வளர்த்தீங்களா ஐயா?”

வெளியே வந்துவிட்டான். வீடு வரை திட்டிக்கொண்டே வந்தான். “சேறாம், நத்தையாம். சாக்கடைக்குக் கண்ணாடி போட்டு ஹால்ல வெக்கச் சொல்றா.” பாதி வழியில் சட்டென்று நின்றான். “அக்கா, நாலாம் நம்பர்” என்றான். பஸ் நம்பர் சொல்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாளே போனோம். நிலையத்தில் இப்போது மருந்து கலக்கிறவன் இவனிடம் வேலை பழகினவன்தான். “வாங்க பவுடர் அண்ணே! பதினெட்டாவது லெட்டரை நேர்லயே கொண்டாந்துட்டீங்களா?” என்றான். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்பக்கம் போனான்.

நாலாம் நம்பரில் எட்டிப் பார்த்தோம். நானும் பச்சைக் குளத்தைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஓரத்தில் பாசி இருந்தது, உண்மை. ஆனால் நடுவில் தண்ணீர் அடிவரை தெரிந்தது. நாடா மாதிரி நீள இலைகள் ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் ஊசி ஊசியாக மீன்கள். இருபது வருஷமாக ஒருத்தர் கை படாத தண்ணீர். இவன் நெற்றி நரம்பு புடைத்தது.

“இது எப்படித் தெளிஞ்சுது?” என்றான். யாரோ அவனுக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி கேட்டான். “யாரு மருந்து போட்டா இதுக்கு?”

“யாரும் போடலைண்ணே. அது பாட்டுக்கு இருக்கு” என்றான் அந்தப் பையன், பையன் என்றால் ஐம்பது வயது.

என் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். அறுபத்தாறு வயதில், முழங்கால் வரை சேற்றில். வாழ்நாள் முழுக்கக் கல்லெறிந்த பச்சைக்குள் கையை விட்டு அள்ளினான். அள்ளும்போது யாரைத் திட்டினான் என்று தெரியவில்லை, சம்பந்தியையா, தங்கையைக் கொன்ற குளத்தையா, தன்னையா. கெட்ட கெட்ட வார்த்தையாக வந்தது. நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. எனக்கும் வந்தது.

மீன் போன காலித் தொட்டி ஹாலில் அப்படியே இருந்தது. என் மூலமாகத்தான் கேட்டான், எடுக்கலாமா என்று. “என்னமோ செய்யட்டும், எனக்கென்ன” என்று என் மூலமாகவே பதில் வந்தது. சேற்றைச் சலித்தான். கல், வேர், அழுகின இலை எல்லாம் பொறுக்கினான். இரண்டு விரல் வைத்து அளந்து பரப்பினான். மணலை எட்டுத் தண்ணீர் கழுவி மேலே போட்டான். செடிகளை ஒவ்வொன்றாக நட்டான். நட நடப் பிடுங்கிக்கொண்டு மிதந்தன. “நில்லேன் சனியனே” என்று செடியிடம் சண்டை.

தண்ணீர் பிடித்ததுதான் வேடிக்கை. குளியலறை மூலைக்கு ஒரு வாளியைக் கொண்டுபோனான். குழாயைத் திறந்து பிடித்தான். மூடியைக் கையில் எடுத்தான், திரும்ப அலமாரியில் வைத்தான். அன்றைக்கு முழுக்க அந்த வாளி திறந்தே கிடந்தது. மருந்து போகட்டும் என்று என் தம்பி வாளியைத் திறந்து வைக்கிறான்! வேலை விட்டு வந்த மருமகள் கை கால் கழுவப் போனாள், வாளியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றாள்.

சேறு கலங்காமல் இருக்க ஒரு தட்டை மணல்மேல் வைத்து, தட்டின்மேல் மெள்ள மெள்ள ஊற்றினான். அப்படியும் மூன்று நாள் காப்பி மாதிரி இருந்தது. அப்புறம் கொஞ்சம் தெளிந்தது. சேற்றிலிருந்து குமிழி வந்தது. இவன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு குமிழியை முறைத்தான். முதல் வாரமே பவுடர் டின்னை என்னிடம் கொடுத்தான். “ஒளிச்சு வை. நான் கேட்டாலும் குடுக்காத. காலைப் பிடிச்சாலும் குடுக்காத.” அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன்.

மூன்றாம் வாரம் பச்சையானது. சும்மா பச்சை இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கையை வைத்தால் விரல் தெரியாது. அந்தப் பழைய குளமே வந்து ஹாலில் உட்கார்ந்துகொண்ட மாதிரி. இவனுக்குத் தூக்கம் போயிற்று. “அக்கா, டின்னைக் குடு.” “மாட்டேன்.” “ஒரே ஒரு சிட்டிகை.” “உன் சிட்டிகை தெரியாதா எனக்கு?” “நீ எனக்கு அக்காவா, எதிரியா?” “ரெண்டும்தான், போ.” மூன்று நாள் இதே பாட்டு. நாலாம் நாள் சத்தமே இல்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் சமையலறையிலிருந்து வருகிறேன். தொட்டி முன்னால் நிற்கிறான். கடையிலிருந்து புதுப் பாக்கெட் வாங்கி வந்திருக்கிறான். கையில் கரண்டி. கரண்டியில் பவுடர். அந்த நேரம் பார்த்து மருமகள் வாசற்படி ஏறுகிறாள்.

“கையை எடுங்க!”

செருப்போடேயே உள்ளே ஓடி வந்தாள். “கையை எடுங்கன்னு சொல்றேன்ல மாமா! உள்ள உசுரு இருக்கு!”

நாற்பது நாளுக்கு அப்புறம் அவள் அவனிடம் நேராகப் பேசின முதல் வார்த்தை அது. அவள் விரலை வைத்துக் காட்டின இடத்தில் நான் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் பார்த்தேன். இமை மயிர் அளவுக்கு ஒன்று. அதற்கு இரண்டு கண். நாலாம் நம்பர் செடியில் ஒட்டிக்கொண்டு வந்த முட்டை பொரிந்திருக்கிறது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் அவள் வந்து பார்த்திருக்கிறாள், எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல். நூல் பிசகினாலே கண்டுபிடிக்கிற கண் அல்லவா?

“மொத்தம் ஆறு இருக்கு. இதையும் கொல்லணுமா? எங்கப்பா மீனை வேணும்னே கொன்னது போதலையா?”

“வேணும்னு செய்யல” என்றான்.

“பொய்!”

“வேணும்னு செய்யலம்மா. மருந்து போட்டேன். மூடி…” என்று ஆரம்பித்தான். நிறுத்திவிட்டான். கரண்டியைக் கீழே போட்டான். “எனக்குத் தெரியல. தண்ணியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியல. போதுமா?”

அவன் ஏன் நிறுத்தினான் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வாளியை அவன் மூடித்தான் வைத்தான். மருந்து போட்டது என்றால் மூடி இருக்கும், மூடியிருந்தால் மருமகள் தொடமாட்டாள், கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிக்கப் போன நான், ‘அவ வாளி திறந்துல்ல இருக்கணும்’ என்று மூடியை எடுத்து அலமாரியில் வைத்தேன். மூடியை அங்கே பார்த்ததுமே அவனுக்குப் புரிந்திருக்கிறது. நாற்பது நாள் வாயைத் திறக்கவில்லை அந்தப் பாவி. நானும் திறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்; எங்கள் வம்சத்தில் யார் என்றைக்குப் பிறந்தார்கள், என்றைக்குச் செத்தார்கள் என்று கிழமையோடு சொல்கிறவள் நான். பயம். அவர்கள் வீட்டில் இருந்து சாப்பிடுகிற கட்டை, சொல்லிவிட்டு எங்கே போவது என்ற பயம்.

“மூடியை எடுத்தது நான்” என்றேன். முழுவதையும் சொன்னேன்.

மருமகள் என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். “ரெண்டு பேரும் மனுஷங்களா?” என்றாள். “நாப்பது நாளா என்னை ஒரு பாவியாக்கி வெச்சிருந்தீங்களே! இவர் என்னடான்னா அக்காவைக் காப்பாத்தறார், இவங்க என்னடான்னா வாயே திறக்கல. நான் மட்டும் என் கையால ஊத்தினேனேன்னு செத்துக்கிட்டிருக்கேன்!” அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே பாக்கெட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். “இந்த வீட்ல இனிமே அந்த வாடை வந்துது, நான் இருக்க மாட்டேன்.” இவன் தலையாட்டினான். திட்டத் திட்டத் தலையாட்டினான். அவ்வளவு வாங்கிக்கொண்டு அவன் திருப்பிக் கத்தாமல் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தம்பி மேல் அப்போது வந்த கோபம் வேறு மாதிரிக் கோபம். என்னைக் காட்டிக்கொடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

அடுத்த மாதம் தண்ணீர் தெளிந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் பின்சுவர் தெரிகிறது. யாரும் ஒன்றும் செய்யவில்லை. இவனுக்கு அதுவும் கோபம்தான். நாற்காலியில் உட்கார்ந்து, “எப்படிடா?” என்று தொட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் நிலையத்திலிருந்து போன் வந்தது. பதினேழு கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில். மேலதிகாரி மாறியிருக்கிறார், நாலாம் நம்பரைச் சுத்தம் செய்ய உத்தரவு. இவன் குதித்தான். “எவன்டா சொன்னது?” “நீங்கதாண்ணே சொன்னீங்க.” அன்றைக்கே பதினெட்டாவது கடிதம் எழுதினான், கை வைக்கக் கூடாது என்று. “அக்கா, ‘அநியாயம்’னு போடட்டுமா?” அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மகன் கப்பலிலிருந்து வந்தான். இரண்டாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, “தனி வீடு சொன்னியே, நாளைக்குப் போய்ப் பாக்கலாமா?” என்று பெண்டாட்டியிடம் கேட்டான். என் தம்பி கையில் எடுத்த கவளம் அந்தரத்தில் நின்றது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாக்கலாம்” என்றாள். எழுந்துபோய்த் தொட்டியில் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தாள். ஆறும் இருந்தன.

“ஆனா இதை எப்படித் தூக்கறது? சேறு கலங்கிடும். திரும்பத் தெளியறதுக்கு ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் உங்க அப்பா கையை யாரு பிடிச்சிருப்பாங்க?” என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, நேராக என் தம்பியைப் பார்த்து, “சும்மா உக்காந்திருக்கீங்களே மாமா, சாப்பிடுங்க, ஆறிப்போவுது” என்றாள்.